ஒரு இத்தாலி அப்பப்பாவுக்குக் கல்வெட்டு எழுதுவது எப்படி

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்து அனுப்புவோம். கல்வெட்டு என்போம், இப்போது நினைவு மலர் என்றும் சொல்கிறார்கள். அட்டையில் படம், உள்ளே தேவாரம், திதி வெண்பா, வம்சாவளி, கடைசியில் நாலு பக்கத்துக்குள் மடக்கின ஒரு வாழ்க்கை. என் மாமா, அதாவது கணவரின் தகப்பன், மெல்பேர்ணின் வடக்குப் பக்கத்தில் தான் கட்டின வீட்டிலேயே 91 வயதில் கண்ணை மூடினார். செத்தவீடு முடிந்து இரண்டு நாள் கழித்து மாமி சமையலறைக் கலண்டரைப் பார்த்துக்கொண்டு, முப்பதாம் நாள் ஒரு பூசை வைக்க வேண்டும், அதற்கு த்ரிஜேசிமோ என்று பெயர் என்றார். முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் ஒரு நாள்தானே வித்தியாசம். அந்த இடத்திலேயே எனக்குக் கை துறுதுறுத்துவிட்டது.

மாமா கலாப்ரியாக்காரர். இத்தாலி வரைபடத்தில் சப்பாத்தின் பெருவிரல் இருக்கிற இடம். 1955 இல் கப்பலேறி வந்து, நாற்பது வருடத்துக்குக் கிட்ட கொங்கிறீட் போட்டு, நாலு பிள்ளைகளையும் பதினொரு பேரப்பிள்ளைகளையும் கண்டவர். நான் செய்த கல்வெட்டைப் பார்த்துவிட்டு, இத்தாலிக் குடும்பங்களில் மணம் முடித்த இரண்டு மூன்று பேர் எப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டுக் கிழவர் சிசிலிக்காரராக இருக்கலாம், வெனெத்தோக்காரராக இருக்கலாம், வந்து இறங்கினது நியூயோர்க்காகவோ புவனஸ் அயர்ஸாகவோகூட இருக்கலாம். பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் ஒரு சொல்லை அடித்துவிடுங்கள்

அந்தச் சொல் "உழைப்பாளி". தேவாலயத்தில் மூன்று மகன்மாரும் எழுந்து பேசினார்கள். மூன்று பேரும் அப்பா கடும் உழைப்பாளி என்று சொல்லி அழுதார்கள். கேட்டவர்களும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து, சரி, அப்பா காலையில் எத்தனை மணிக்கு வேலைக்குப் போவார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. "நாங்கள் எழும்பும்போது அவர் போயிருப்பார்" என்றார் என் கணவர். அதுதான் எழுத வேண்டிய வரி. உழைப்பாளி என்று எழுதினால் எந்தக் கிழவருக்கும் அது பொருந்தும்; பிள்ளைகள் விடிய எழும்பிக் கண்ட தகப்பன் என்பது வாசலில் இல்லாத ஒரு சோடி சப்பாத்துத்தான் என்று எழுதினால் அது இவர் ஒருவருக்குத்தான்.

ஆகவே எண்ணிக்கை தேடுங்கள், பாரம் தேடுங்கள், நேரம் தேடுங்கள். மாமா காலத்துச் சீமெந்து மூட்டை 40 கிலோ. இப்போது கடையில் பெரும்பாலும் 20 கிலோ மூட்டை. ஒரு தரத்துக்கு ஒரு மூட்டை, தோளில், பின்வளவு வரைக்கும். வெயில் காலத்தில் கொங்கிறீட் கெதியாக இறுகிவிடும், மட்டம் தட்ட முன்பே கையை விட்டுப் போய்விடும் என்பதால் கோடையில் விடிய முன்பே கலவை தொடங்க வேண்டும். போட்டபின் ஒரு கிழமையாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும் என்பதால் வேலை முடிந்து வரும் வழியில் போன கிழமை போட்ட இடத்துக்கும் போய்த் தண்ணீர் தெளித்துவிட்டு வருவாராம், அதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. இதெல்லாம் அவரோடு வேலை செய்த ஒரு கிழவர், ஸ்கோப்பா என்ற சீட்டாட்டம் விளையாடிக்கொண்டே எனக்குச் சொன்னது. "உழைப்பாளி" என்ற சொல்லை அவர் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

முதல் இரண்டு கிழமைக்குள் கேளுங்கள். செத்தவீட்டுக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள் இன்னும் போயிருக்க மாட்டார்கள், சாப்பாடும் நிறைய இருக்கும். தெற்கு இத்தாலியில் இழவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலும் உறவும் சமைத்துக் கொண்டுவரும், அதற்கு கொன்சோலோ என்று பெயர். இதை மாமியின் தங்கை எனக்கு விளக்கத் தொடங்கினபோது, விளக்கத் தேவையில்லை அன்ரி, எங்கள் ஊரிலும் இதுதான் என்றேன். அன்றைக்கு ஆறு வீட்டிலிருந்து ஆறு தட்டு வந்தது, அதில் நாலு லசான்யா. சாப்பிடுகிற வாய் கதைக்கும். கைபேசியை மேசையில் வைத்து ஒலிப்பதிவைத் தொடங்கிவிடுங்கள், தொடங்கினதையும் சொல்லிவிடுங்கள், ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள்.

"எப்படிப்பட்ட மனிதர்?" என்று மட்டும் கேட்கவேண்டாம். "பாண் மாதிரி நல்லவன்" என்பார்கள். அது இத்தாலியரின் வழக்கு. அழகான வழக்கு, ஆனால் செத்தவர் எல்லோருக்கும் சொல்வது. (போர்த்துக்கீசர் விட்டுப்போன எங்கள் பாணும் அவர்களின் பானேயும் ஒரே சொல்தான் என்று கண்டுபிடித்த அன்று மாமா என்னை மருமகள் என்று முழுதாக ஏற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன்.) இப்படிக் கேளுங்கள்: மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் என்ன இருக்கும்? யாருடைய வாகனத்தில் போவார்? சம்பளக் காசை எங்கே ஒளித்து வைப்பார்? எந்த மொழியில் எண்ணுவார்? கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. ஐம்பது வருடம் ஆங்கிலம் பேசினவரும் மூட்டை எண்ணும்போது ஊர்ப்பேச்சுக்குத்தான் போவார்.

அந்த ஊர்ப்பேச்சைத் திருத்தாதீர்கள். நான் ஒரு பெரிய பிழை விட்டேன். மாமாவின் பழைய ஒலிப்பதிவு ஒன்றை எழுத்தில் இறக்கி, இத்தாலி மொழி படித்த ஒருவரிடம் கொடுத்து "சரியாக்கி" வாங்கினேன். என் கணவர் வாசித்துவிட்டு, இந்த ஆள் யார் என்று கேட்டார். செய்தி வாசிக்கிறவர் மாதிரி இருந்தது. மாமா வேலியை ஃபென்ஸா என்பார். ஆங்கிலச் சொல்லுக்கு இத்தாலி வால் ஒட்டினது. தொழிற்சாலைக்கு ஃபத்தோரியா, இத்தாலியில் அதற்குப் பண்ணை என்று அர்த்தம். காருக்குக் கார்ரோ, இத்தாலியில் அது மாட்டு வண்டி. அவுஸ்திரேலிய இத்தாலியர் பேசின இந்தக் கலவை அந்தத் தலைமுறையோடு போகப்போகிறது, ஆகவே கல்வெட்டில் ஒரு பக்கம் முழுக்க "அப்பப்பாவின் சொற்கள்" என்று போட்டோம். பேரப்பிள்ளைகள் எல்லோரும் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். அதில் என் பங்கும் ஒன்று உண்டு. நான் அவரை முதல்நாள் "மாமா" என்று கூப்பிட்டபோது வீடே சிரித்தது, அவர்களுக்கு மாம்மா என்றால் அம்மா. மீசை வைத்த அந்தப் பெரிய மனிதர் அன்றிலிருந்து எனக்கு மாம்மாதான், தொலைபேசியில்கூட "மாம்மா பேசுகிறேன்" என்பார்.

பிஸ்கற் தகரம்

எல்லா இத்தாலி வீட்டிலும் ஒரு தகரம் இருக்கும், அலுமாரிக்கு மேலே. கடவுச்சீட்டு, படைச்சேவை முடித்த பத்திரம், ஊருக்கு அனுப்பின காசின் அடிக்கட்டைகள், பிள்ளைகளின் ஞானஸ்நான அட்டைகள். முதலில் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டு, எந்த ஒழுங்கில் இருந்ததோ அதே ஒழுங்கில் திருப்பி வையுங்கள். மாமி எண்ணுவார்.

வாசிக்கும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு, தெரியாமல் நான் மூன்று இரவு வீணாக்கினேன். இத்தாலிப் பத்திரங்களில் குடும்பப் பெயர்தான் முன்னுக்கு வரும், அவுஸ்திரேலிய எழுத்தர் அதை முதற்பெயர் என்று எடுத்திருப்பார், ஆகவே இரண்டு விதமாகவும் மாற்றித் தேடுங்கள். கையெழுத்தில் அவர்களுடைய 1 நீண்ட மூக்கோடு எங்கள் 7 மாதிரி இருக்கும், அவர்களுடைய 7 இன் நடுவில் கோடு இருக்கும். பழைய பதிவேடுகளில் மாதத்தை 7bre என்று எழுதியிருந்தால் அது ஏழாம் மாதம் இல்லை, செத்தெம்ப்ரே, செப்டெம்பர். செத்தே என்றால் ஏழு. அதே மாதிரி 8 போட்டு எழுதினால் ஒக்டோபர். தகப்பன் பெயருக்கு முன்னால் "தி" என்று இருந்தால் அவர் உயிரோடு இருக்கிறார், "ஃபு" என்று இருந்தால் அப்போதே இறந்துவிட்டார். இந்த ஒரு எழுத்தை வைத்து மாமாவின் அப்பப்பா எந்த ஐந்து வருடத்துக்குள் இறந்தார் என்று பிடித்தோம். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என்.என். என்று மட்டும் இருந்தால் தகப்பன் பெயர் பதியப்படவில்லை என்று அர்த்தம். அதைக் கண்டவுடன் சாப்பாட்டு மேசையில் அறிவிக்காதீர்கள். வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் தனியாகக் கதையுங்கள்.

இத்தாலியில் பெண்கள் கலியாணத்துக்குப் பிறகும் பத்திரங்களில் தகப்பன் வழிப் பெயரோடுதான் இருப்பார்கள். இது உங்களுக்கு வரப்பிரசாதம், பாட்டி பூட்டி வரைக்கும் தேடலாம். பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் கொமூனே என்கிற ஊர் மன்றத்தில் பதிவாகியிருக்கும். நாப்போலி அரசின் கீழ் இருந்த கலாப்ரியாவில் இந்தப் பதிவு 1809 இல் தொடங்கியது, ஒன்றான இத்தாலிக்குப் பொதுவாக 1866 இல். அதற்கு முந்தியது கோயில் பதிவேடுகள். பழைய பதிவேடுகளில் பெரும் பகுதியை அந்தெனாத்தி என்ற அரசுத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அந்தெனாத்தி என்றால் முன்னோர். பிற்காலப் பதிவுக்குக் கொமூனேக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும், இத்தாலி மொழியில், சுருக்கமாக, உங்கள் அடையாளப் பத்திரத்தின் படத்தோடு. பெற்றோர் பெயர் உள்ள பிறப்புச் சாற்றுப் பிரதி வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள், சும்மா பிறப்புச் சான்றிதழ் என்றால் பெற்றோர் பெயர் இல்லாத ஒன்றை அனுப்பிவிடுவார்கள். ரெஜ்ஜோ கலாப்ரியா, மெஸ்ஸினாப் பக்கம் என்றால் 1908 டிசம்பர் 28 நிலநடுக்கத்தில் பதிவேடுகளும் போயிருக்கலாம். மனம் விடவேண்டாம், பதிவேட்டுக்கு இரண்டு பிரதி உண்டு, ஒன்று கொமூனேயில், மற்றது நீதிமன்றம் வழியாக அரச ஆவணக் காப்பகத்துக்குப் போகும்.

இதெல்லாம் முப்பது நாளில் நடக்காது. நான் ஓடிப் பார்த்தேன், நடக்கவில்லை. ஊர்ப் பத்திரங்களை ஆண்டுத் திவசத்துக்கு என்று தள்ளிப்போட்டுவிட்டுக் கிட்ட இருக்கிறதை எடுங்கள்.

அவுஸ்திரேலியா என்றால் கிட்ட இருக்கிறது தேசிய ஆவணக் காப்பகம். 1951 இல் இத்தாலியோடு ஒப்பந்தம் போட்டு, பயணச் செலவுக்கு உதவி கொடுத்து ஆட்களை எடுத்தார்கள். பதிலுக்கு இரண்டு வருடம் அரசு சொல்கிற இடத்தில் வேலை செய்ய வேண்டும். அப்படி வந்தவர்களில் நிறையப் பேர் முதலில் போனது பொனகில்லா முகாமுக்கு, விக்டோரியாவின் எல்லையில். 1947 முதல் 1971 வரைக்கும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதன் வழியாகப் போனார்கள். ஆளுக்கு ஒரு அட்டை போட்டார்கள்: பெயர், கப்பல், வந்த திகதி, தொழில், எங்கே அனுப்பினது. மாமாவின் அட்டையில் ஒரு சின்னப் படமும் இருந்தது. 22 வயது, காது இரண்டும் வெளியே நிற்கிறது, எங்கள் சின்னவனை அப்படியே உரித்து வைத்த மாதிரி.

அட்டையால் ஒரு வில்லங்கமும் வந்தது. அப்பா ஸ்னோவி மலைத் திட்டத்தில் வேலை செய்தவர் என்பது வீட்டுக் கதை. 1949 முதல் 1974 வரைக்கும் நடந்த அந்த நீர்மின் திட்டத்தில் முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து ஒரு லட்சம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள், அதில் ஒருவர் எங்கள் அப்பா என்பதில் மகன்மாருக்குப் பெருமை, தேவாலயத்திலும் சொன்னார்கள். அட்டையில் விக்டோரியா ரெயில்வே, கூலியாள் என்று இருக்கிறது. மாமியிடம் கேட்டேன். "ஸ்னோவியா? மச்சானைப் பார்க்க ஒரு சனி ஞாயிறு போய், தடிமனோடு திரும்பி வந்தார்" என்றார். நான் என்ன செய்தேன் என்றால் இரண்டையும் போட்டேன், அட்டையின் படத்தையும் தடிமனையும். மூத்தவருக்குக் கோபம். மலையைக் குடைந்தவர் என்பதைவிடத் தண்டவாளக் கட்டை தூக்கினவர் என்பது குறைவா என்று கேட்டேன், பதில் இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மலை இருக்கும், கவனமாகக் கையாளுங்கள்.

கிழவர் போருக்கு முந்தி வந்தவர் என்றால் இன்னொன்றும் இருக்கலாம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கினதும் இங்கே இருந்த இத்தாலியரில் ஏறக்குறைய 4,700 பேரைப் பிடித்து அடைத்தார்கள், விக்டோரியாவில் டட்டூரா முகாம் அதில் ஒன்று. வீட்டில் அதைப் பற்றிக் கதைத்தே இருக்கமாட்டார்கள். கோப்பு காப்பகத்தில் இருக்கும். கேட்டு எடுங்கள், போடுவதா இல்லையா என்பதைப் பிறகு பார்க்கலாம்.

கப்பலின் பெயர் கிடைத்தால் பாதையும் கிடைத்துவிடும். மாமா வந்தது ஓஷானியா என்ற கப்பலில். சூயஸ், ஏடன், கொழும்பு, பிரிமான்டில், பிறகு மெல்பேர்ணின் ஸ்டேஷன் பியர் துறை. கொழும்பில் ஒரு பகல் இறங்கி நடந்திருக்கிறார். நான் இலங்கை என்று சொன்ன முதல்நாள் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் "அனனாஸ்!" அன்னாசி. வாழ்க்கையில் முதல் அன்னாசியைக் கொழும்புத் துறைமுகத்தில் நின்று தின்றாராம், சாறு முழங்கை வரைக்கும் வடிந்ததாம். அந்தக் கதைக்கு அரைப் பக்கம் கொடுத்தேன். எழுதுகிறவளுக்கு இவ்வளவு சலுகைகூட இல்லாவிட்டால் எப்படி.

வம்சாவளியில் தலை சுற்றும்

முதல் மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயின் தகப்பன் பெயர், முதல் மகளுக்குத் தகப்பனின் தாய் பெயர். தெற்கில் இது கிட்டத்தட்டச் சட்டம். எங்களுக்குப் புதிதில்லை, பேரன் என்ற சொல்லே பெயரன்தான். ஆனால் விளைவு என்னவென்றால் மாமாவின் சகோதரர் நாலு பேரின் மூத்த மகன்மாருக்கும் ஒரே பெயர், ஒரே குடும்பப் பெயர், அதில் இரண்டு பேர் ஒரே தெருவில் இருக்கிறார்கள். பெயருக்குப் பக்கத்தில் பிறந்த வருடத்தைப் போடுங்கள். அதைவிட முக்கியம் ஊர்ப் பட்டப்பெயர். ஒரே குடும்பப் பெயர் ஊர் முழுக்க இருப்பதால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சொப்ரனோமே இருக்கும், கலாப்ரியாவில் இஞ்ஜூரியா என்பார்கள், பெரும்பாலும் நக்கல்தான். ஊரில் போய் மாமாவின் குடும்பப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, "சாம்பல்காரர் வீடு" என்று சொன்னால் சின்னப்பிள்ளையும் வழி காட்டும். ஜுசெப்பே ஜோ ஆனதும் வின்சென்சோ வின்ஸ் ஆனதும் இங்கே வந்த பிறகு நடந்தவை. மூன்று பெயரையும் எழுதுங்கள்.

படம் தெரிவு செய்யும்போது ஒரு எச்சரிக்கை. மாமியின் கலியாணப் படத்தில் பக்கத்தில் நிற்பவர் மாமா இல்லை. 1959 இல் மாமா இங்கே, மாமி ஊரில். ப்ரொகூரா என்று ஒரு முறை உண்டு, மாப்பிள்ளைக்குப் பதிலாக வேறொருவர் கோயிலில் நின்று சம்மதம் சொல்வது. அந்தக் காலத்தில் அவுஸ்திரேலியாவுக்கு வந்த இத்தாலி மணப்பெண்கள் ஏராளமானோர் அப்படித்தான் வந்தார்கள். மாமாவின் அண்ணன் நின்றார். அச்சகத்துக்கு அனுப்ப முந்தின இரவு, இந்தப் படம் வடிவாக இருக்கிறது என்று நான் நடுப்பக்கத்தில் போட்டுவிட்டேன், மாமி கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "இவனுக்கு ஏன் கல்வெட்டு, இவன் உயிரோடு இருக்கிறான்" என்றார். ஆகவே ஒவ்வொரு படத்தையும் வயதானவர் ஒருவருக்குக் காட்டாமல் போடாதீர்கள். அவர்களுக்குத் திருமண நாளும் இரண்டு, கோயிலில் சம்மதம் சொன்ன நாள் ஒன்று, மாமி கப்பலால் இறங்கின நாள் இன்னொன்று. கொண்டாடினது இரண்டாவதை.

அவரே வெட்டின கல்வெட்டு

இதை நான் திட்டமிடவில்லை. அந்த ஸ்கோப்பாக் கிழவர், சீட்டைக் கலைத்துக்கொண்டே, உன் மாமா ஈரக் கொங்கிறீட்டில் ஆணியால் திகதி எழுதாமல் எந்த வேலையையும் விடமாட்டார், ஒரு மூலையில் இருக்கும், போய்ப் பார் என்றார். தெரிந்த வீடுகளின் பட்டியலும் சொன்னார். ஒரு ஞாயிறு நானும் சின்னவனும் பழைய விலாசங்களை வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனோம். பாதி வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். ஏழாவது வீட்டில், கேற்றுக்குப் பக்கத்தில், பாசி பிடித்த மூலையில் 11-3-67. அந்த 1 க்கு நீண்ட மூக்கு, 7 க்கு நடுவில் கோடு.

அதைப் படி எடுக்கிற விதம்: வீட்டுக்காரரிடம் கேளுங்கள், எங்களுக்குக் கதவு திறந்தவர் வியட்நாமிய அம்மா ஒருவர், காரணத்தைச் சொன்னதும் தானே தும்புத்தடி கொண்டுவந்து கூட்டிவிட்டார். காய்ந்த தூரிகையால் பாசியைத் தட்டுங்கள், தண்ணீர் வேண்டாம், ஈரத்தில் கடதாசி கிழியும். மெல்லிய வெள்ளைக் கடதாசியை நாலு மூலையிலும் ஒட்டி, கரித்துண்டை அல்லது பிள்ளைகளின் மெழுகு வண்ணக் கட்டியைப் படுக்கையாகப் பிடித்து மெதுவாக ஒரே பக்கமாகத் தேயுங்கள். அழுத்தினால் கொங்கிறீட்டின் சொரசொரப்பு முழுக்க ஏறி எழுத்து மறைந்துவிடும். முதலில் ஒன்றும் தெரியாது, பிறகு 3 இன் வயிறு வெள்ளையாக வரும். நாலைந்து எடுங்கள், ஒன்று நன்றாக வரும். அந்த ஒன்றுதான் எங்கள் அட்டைப்படம். மாமாவின் முகம் உள்ளே முதல் பக்கத்தில்.

உங்கள் வீட்டுக் கிழவர் கொங்கிறீட்காரராக இல்லாமல் இருக்கலாம். தையற்காரர் என்றால் சட்டை வெட்டும் கடதாசி அச்சு இருக்கும், ஃப்ரியூலிப் பக்கத்து தெராட்சோக்காரர், அதாவது கல்துண்டு பதித்துத் தரை போடுகிறவர் என்றால் அவர் போட்ட தரை இன்னும் யாருடையவோ காலுக்குக் கீழே இருக்கும், தோட்டக்காரர் என்றால் விதை சுற்றி வைத்த கடதாசிப் பொட்டலம். கை பட்ட அடையாளத்தைத் தேடுங்கள்.

தக்காளியை எழுதும்போது

ஒரு சமையற்குறிப்பு இல்லாமல் இத்தாலிக் குடும்பம் விடாது. ஒன்றே ஒன்று போடுங்கள், ஆனால் அவர் கை எங்கே வந்தது என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் அது பசாத்தா. ஜனவரிக் கடைசியில் அல்லது பெப்ரவரியில், கராஜில், குடும்பம் முழுக்க. தக்காளியைக் கழுவிப் பழுது வெட்டி, மெஷினில் பிழிந்து, தோலை இரண்டாம் தரமும் பிழிந்து, பழைய பியர்ப் போத்தலில் ஊற்றி மூடி அடித்து, 44 கலன் பீப்பாவில் அடுக்கி அவிப்பது. மாமாவின் வேலை இரண்டு. ஒன்று, ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் ஒரு துளசி மாதிரி இலை, பசிலிக்கோ, ஒன்றே ஒன்று, சுருட்டி விரலால் தள்ளுவது. யாரையும் விடமாட்டார், இரண்டு போட்டுவிடுவார்களாம். மற்றது பீப்பாவுக்குள் போத்தலுக்கு இடையில் பழைய சாக்கு வைத்து அடுக்குவது, இல்லாவிட்டால் கொதிக்கும்போது மோதி உடையும். கொதித்த பிறகு நெருப்பை எடுத்துவிட்டு, விடிய மட்டும் பீப்பாவிலேயே ஆறவிட வேண்டும். பொறுமையில்லாமல் இரவே எடுத்த வருடம் ஒன்று உண்டு. அந்த வருடம் பதினேழு போத்தல் வெடித்தது. யார் எடுத்தது என்று எழுதவில்லை, வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

எதை விடுவது

மாஃபியாப் பகிடி வேண்டாம். கலாப்ரியா என்றதும் அதைச் சொல்ல யாராவது வருவார்கள். அந்த ஆட்களுக்குப் பயந்து ஊரை விட்டு வந்தவர்களும் கப்பலில் இருந்தார்கள். பச்சை வெள்ளை சிவப்புக் கரை போட்ட பக்கங்களும் வேண்டாம், பீட்சாக் கடைப் பட்டியல் மாதிரி இருக்கும். ஆளைப் புனிதராக்கவும் வேண்டாம். மாமா தன் தம்பியோடு ஒரு ஒலிவ் தோட்டத்துக்காகப் பதினொரு வருடம் பேசாமல் இருந்தார். தம்பி செத்தவீட்டுக்கு வந்திருந்தார், நான் நேரே கேட்டேன், போடலாமா என்று. "போடு, ஆனால் பத்து வருடம்" என்றார்.

பூ பற்றி ஒரு வரி. செவ்வந்திப் பூ இத்தாலியருக்குச் சாவுப் பூ, நவம்பர் 2 இறந்தோர் நாளில் கல்லறைக்குக் கொண்டுபோவது. அவுஸ்திரேலியாவிலோ அது மே மாதத்தில் பூக்கும், கடைகளில் அன்னையர் தினப் பூ. கலியாணமான முதல் வருடம் நான் மாமிக்கு அன்னையர் தினத்துக்கு ஒரு சட்டி செவ்வந்தி கொண்டுபோய் நீட்டினேன். மாமா வாங்கி, ஒன்றும் பேசாமல், கராஜுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். கல்வெட்டின் ஓரத்தில் பூப் போடுவதாக இருந்தால் வேறு பூப் போடுங்கள்.

பூசைக்கு வருகிறவர்களுக்கு ரிக்கோர்தினோ என்று ஒரு சின்ன அட்டை கொடுப்பார்கள், ஒரு பக்கம் புனிதர், மறுபக்கம் இறந்தவர் படமும் மன்றாட்டும். கல்வெட்டு அதற்குப் பதில் இல்லை, இரண்டும் வேண்டும், மாமியிடம் இதில் வாதாட வேண்டாம். கல்லறைக்கல்லில் பதிக்கிற முட்டை வடிவப் பீங்கான் படத்துக்கு எந்தப் படம் என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் சிரிக்கிற படம் என்றார்கள், மாமி கோட் போட்ட படம் என்றார். கோட் வென்றது. மோக்காக் கோப்பிக் குடுவையை உலகம் முழுக்கக் கொண்டுபோன ரெனாத்தோ பியாலெத்தி 2016 இல் காலமானபோது அவருடைய சாம்பலை ஒரு பெரிய மோக்காக் குடுவைக்குள் வைத்துத்தான் பூசை செய்தார்கள். சீமெந்துக் கலவை வாளி ஒன்றில் வைப்போமா என்று என் கணவர் கேட்டார். செத்தவீட்டுக்குப் பிறகு மாமி சிரித்த முதல் தடவை அது.

அச்சடிப்பது

32 பக்கம் போதும். தைத்த கட்டு வேண்டாம், நடுவில் கம்பி அடித்தால் மலிவு, விரித்து வைத்தும் வாசிக்கலாம். எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள், வாசிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் எண்பது தாண்டியவர்கள். நாங்கள் ஆங்கிலமும் இத்தாலியும் எதிரெதிர்ப் பக்கம் போட்டோம், கடைசிப் பக்கத்தில் தமிழில் நாலு வரி, அது என் அம்மாவுக்காக. 150 பிரதி அடித்து 40 கூட அடிக்க வேண்டி வந்தது, ஊருக்கு மட்டும் 30 போனது.

கடைசியில் இரண்டு வெற்றுப் பக்கம் விடுங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, பக்கக் கணக்கு நாலால் பிரிய வேண்டும் என்பதால் தானாக வந்தது. த்ரிஜேசிமோ முடிந்து எல்லோரும் போன பிறகு மாமி தன் பிரதியை எடுத்துக்கொண்டு சமையலறைக் கதிரையில் இருந்தார். மெதுவாக, விரல் வைத்து வாசித்தார். பன்னிரண்டாம் பக்கத்தில் நான் "காலை ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவார்" என்று எழுதியிருந்தேன், வேலைக் கூட்டாளி சொன்ன கணக்கு. மாமி பேனை கேட்டார். ஐந்தை வெட்டி நாலரை என்று எழுதினார். பிறகு கடைசி வெற்றுப் பக்கத்தைப் பிரித்து, அந்த நீண்ட மூக்கு எழுத்தில், நாலு மணிக்கு நான் எழும்பி முட்டையும் மிளகாயும் பொரித்துப் பாணுக்குள் வைத்துக் கட்டிக் கொடுப்பேன் என்று எழுதத் தொடங்கினார். பக்கம் போதாமல் போய் நான் கொப்பி எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.